ஒரு நாள் லீவில் அதிகம் பேர் போகாத இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திங்கட்கிழமை காலையில் "இந்த வாரம் எங்கே போனீங்க?" என்று தொடங்கும் பேச்சு, டீ ஆறுவதற்குள் கீழே உள்ள கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு வந்துவிடும். அலுவலகத்திலும் உறவினர் வீடுகளிலும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். நான் சென்னையில் வேலை பார்ப்பவள் என்பதால் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஊர்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கும் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

வாரத்துல ஒரே ஒரு நாள்தான் லீவு. அதுல எங்கே போய்ட்டு வர முடியும்?

அரை நாளில்கூடப் போய் வரலாம். தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் போகிறவர்கள் திரிசூலம் நிலையத்தை விமான நிலையத்துக்கு இறங்கும் இடமாக மட்டுமே பார்த்திருப்பார்கள். அதன் மறுபக்கம் குன்றுகளுக்கு நடுவே சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு இறங்கினால், கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு டிபனுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

முழு நாள் கிடைத்தால் பழவேற்காடு போங்கள். சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறிப் பொன்னேரியில் இறங்கினால், அங்கிருந்து பஸ். டச்சுக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டில் வணிகம் செய்த ஊர் இது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஒவ்வொரு கல்லிலும் டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும். ஏரிக்கரைக்கும் கல்லறைக்கும் போய்விட்டு, பனை ஓலைக் கூடை வாங்கிக்கொண்டு மாலையில் திரும்பலாம். யாராவது தனிப் படகில் ஏற்றிப் போகிறேன் என்று கூப்பிட்டால் மட்டும் போகாதீர்கள். 2011-இல் கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

லீவு நாள் வந்தாலே தூங்கினாப் போதும்னு இருக்கு. இதுக்கெல்லாம் தெம்பு எங்கேருந்து வரும்?

தூக்கம் வேண்டும் என்றால் தூங்குங்கள். எல்லா ஞாயிறும் கிளம்ப வேண்டியதில்லை. ஆனால் பலரிடம் பேசியதில் எனக்குத் தெரிந்தது, அவர்களைக் களைப்பாக்குவது பயணத்தைவிட "எங்கே போறது" என்கிற யோசனைதான். சனிக்கிழமை இரவு பத்து மணிக்குப் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தால், பன்னிரண்டு மணிக்குச் சலித்துப்போய்ப் படுத்துவிடுவோம்.

இதற்கு ஒரே வழி, இடத்தைத் தேர்ந்தெடுப்பதை வார நாளிலேயே முடித்துவிடுவது. அதைவிட நல்லது, ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் முழுக்க அதற்கே போவது. இரண்டாம் முறை போகும்போது பஸ் எங்கே நிற்கும், எந்தக் கடையில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். முதல் முறை தவறவிட்டவை அப்போதுதான் கண்ணில் படும். என்னைக் கேட்டால், வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

யாருக்கும் தெரியாத இடம்னு இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா என்ன?

அந்த ஊர்க்காரர்களுக்கு எல்லா இடமும் தெரியும். ஆடு மேய்ப்பவர் தினமும் அந்தக் குன்றில்தான் உட்கார்ந்திருப்பார். நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் "நான் கண்டுபிடித்தேன்" என்ற எண்ணத்தோடு போகாமல், "பார்க்க வந்திருக்கிறேன்" என்று போனால் ஊரே உதவி செய்யும்.

இன்ஸ்டாகிராம்ல தேடினா எல்லாரும் போற இடம்தான் வருது. நீங்க எங்கே தேடுறீங்க?

முதலில், இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியல். மாவட்ட வாரியாக இருக்கும். உங்கள் மாவட்டத்தை எடுத்துப் பாருங்கள், பெயரே கேட்டிராத ஊர்கள் வரிசையாக வரும். மாநிலத் தொல்லியல் துறைக்கும் தனிப் பட்டியல் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கோயில்கள், குடைவரைகள் (பாறையைக் குடைந்து செய்த கோயில்கள்), சமணத் தலங்கள் பற்றிய குறிப்புகள் படங்களோடு தமிழிலேயே கிடைக்கும்.

அப்புறம் வரைபடம். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கி, ஏரியும் பாறைக் குன்றும் ஒட்டி இருக்கும் இடங்களைப் பாருங்கள். வட தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட இடங்கள் பலவற்றில் பல்லவர் குடைவரையோ, சமணத் துறவிகளுக்காகப் பாறையில் செதுக்கிய சமணர் படுக்கையோ இருக்கிறது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே வந்தவாசி சாலையில் உள்ள மாமண்டூர் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. பெரிய ஏரி, அதை ஒட்டிய குன்று, குன்றின் கிழக்கு முகத்தில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள். பறவை பார்க்கிறவர்கள் என்றால் இபேர்ட் தளத்தில் தேடலாம். வேடந்தாங்கலில் கூட்டம் நெரியும் அதே நாளில், பக்கத்திலுள்ள கரிக்கிலி சரணாலயம் அமைதியாக இருக்கும்.

மூன்றாவது வழி, கேட்பது. அலுவலகத்தில் உங்கள் பக்கத்து இருக்கைக்காரரின் சொந்த ஊர் எது, அங்கே சின்ன வயதில் எங்கே விளையாடினார் என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் தளத்திலும் இல்லாத பதில் வரும்.

ஒரு நாள்ல எத்தனை இடம் பார்க்கலாம்?

பெரிய இடம் ஒன்று, சின்ன இடம் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம் என்பேன். விழுப்புரம், செஞ்சி வட்டாரத்தை வைத்துச் சொல்கிறேன். எழும்பூரிலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கிருந்து செஞ்சி போகும் வழியில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் மண்டகப்பட்டு, தளவானூர்க் குடைவரைகளும் பனமலைக் கோயிலும் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நாளில் தொட்டுவிட்டு வரலாம்தான். ஆனால் பனமலைக்கு மட்டும் அரை நாள் வேண்டும். ஏரிக்கரைக் குன்றின் மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் அது. அதன் துணைச் சன்னதி ஒன்றின் சுவரில் பார்வதி நிற்கிறாள். தலைக்கு மேல் குடை, ஒரு கால் மடங்கியிருக்கிறது. சிவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுமார் 1,300 ஆண்டுப் பழைய ஓவியம். பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது, ஆனால் அந்த முகத்தின் சாய்வு அப்படியே இருக்கிறது. இருட்டுக்குக் கண் பழகவே சில நிமிடம் ஆகும். அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும் என்றால் அந்தச் சில நிமிடம் கிடைக்காது.

எனவே முதல் முறை பனமலையும் மண்டகப்பட்டும், அடுத்த முறை தளவானூர், அதற்கடுத்து செஞ்சிக் கோட்டையைச் சுற்றியுள்ளவை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே வட்டாரம் என்று மேலே சொன்னது இதைத்தான்.

சொந்த வண்டி இல்லாம இதெல்லாம் நடக்குமா?

நடக்கும், கொஞ்சம் பொறுமை வேண்டும். தெற்கே போகும் அரசுப் பேருந்துகள் 2023 இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன என்பதால், நகருக்குள் இருந்து அங்கே போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். அதற்காகவே முடிந்த இடத்துக்கெல்லாம் நான் ரயிலில் போகிறேன்.

மாவட்டத் தலைநகரில் இறங்கியதும் டவுன் பஸ். கிராமத்துக்குப் போகும் வண்டி ஒரு நாளைக்குச் சில முறைதான் வரும். ஏறியதுமே கண்டக்டரிடம் "திரும்பி வர்ற வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டியை நம்பாமல், அதற்கு முந்தைய வண்டியில் ஏறுவது நல்லது. பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்களில் விடியல் பயணத் திட்டத்தில் கட்டணம் இல்லை. கிராமத்துச் சாலைகளில் இது பெரிய உதவி. நேரம் குறைவு என்றால் ஊர் ஆட்டோ ஸ்டாண்டில் போய்வரப் பேசிக்கொள்ளலாம். காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தா வெறும் பாறையும் எழுத்தும்தானே இருக்கு?

படிக்காமல் போனால் அப்படித்தான் தெரியும். மண்டகப்பட்டுக் குடைவரையை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் இரண்டு காவலர் சிலைகள், தூண்கள், பின்னால் மூன்று வெற்று அறைகள். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். ஆனால் தூணில் உள்ள வடமொழிக் கல்வெட்டில் அரசன் என்ன சொல்கிறான் என்று தெரிந்து போங்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணம் இல்லாமல், பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இதைச் செய்வித்தேன் என்கிறான். விசித்திரசித்தன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் மகேந்திரவர்மன்தான் அவன். இதற்கு முன் கோயில் என்றால் செங்கல்லும் மரமும்தான். அதை விட்டுவிட்டு ஒரு பாறையைக் குடைந்துவிட்டோம் என்ற பெருமிதம் அந்த வரியில் இருக்கிறது. இப்போது அந்த வெற்று அறைகளைத் திரும்பப் பாருங்கள்.

செஞ்சிக்கு வடக்கே திருநாதர் குன்று இன்னொன்று. உருண்டையான பெரும்பாறை ஒன்றில் மேல் வரிசையில் பன்னிரண்டு, கீழ் வரிசையில் பன்னிரண்டு என, சமண சமயத்தின் பெருங்குருக்களான தீர்த்தங்கரர்கள் இருபத்துநான்கு பேர். பக்கத்துப் பாறையில் சில வரிகள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் இது என்கின்றன அவை. தமிழை எழுதிய பழைய எழுத்து வகையான வட்டெழுத்துக்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. கீழே வயல், எதிரே கோட்டை மலைகள், வெயிலில் காயும் பாறை. ஐம்பத்தேழு நாள் அவர் இங்கேதான் இருந்தார் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பாறைமேல் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை. நம் நாட்டில் இப்படியான இடங்கள் ஆளின்றிக் கிடக்கின்றன என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. அதனால்தான் கேட்பவர்களிடமெல்லாம் இதைச் சொல்கிறேன்.

நான் சென்னை இல்லை. மதுரை, திருச்சி, கோவைப் பக்கம் என்ன இருக்கு?

உண்மையைச் சொன்னால் உங்களுக்குத்தான் யோகம். மதுரைக்காரர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை, டவுன் பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரம். அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும், மேலே சமணச் சிற்பங்கள் உள்ள செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பாண்டியர் குடைவரை, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் ஒரு கல்வெட்டு, சமணச் சிற்பம், பாறை முகடுகளில் கூடு கட்டும் வேட்டைப் பறவைகள் எல்லாம் ஒரே ஊரில். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்ததை ஊர்மக்கள் போராடி நிறுத்தினார்கள். 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வட்டாரம் ஒரு வருடத்துக்குக் காணும். சித்தன்னவாசல் எல்லாருக்கும் தெரியும். போகும் வழியில் உள்ள நார்த்தாமலையில் இறங்குபவர்கள் குறைவு. வெறும் பாறையில் ஏறிப் போனால் விஜயாலய சோழீசுவரம். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். எதிரே ஒரு குடைவரையில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு, ஒன்றுபோலவே நிற்கின்றன. மதுரைச் சாலையில் கொடும்பாளூர் மூவர் கோயில், அந்தப் பக்கம் குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, திருமயம் கோட்டை. பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. கோவைக்காரர்கள் பெருந்துறைப் பக்கம் விஜயமங்கலம் சமணக் கோயிலில் தொடங்கலாம்.

சென்னைக்காரர்களும் இரண்டு நாள் இருந்தால் புதுக்கோட்டை போகலாம். வெள்ளி இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் சனி விடியலில் திருச்சி. இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது என்பதால், நீண்ட வார இறுதிகளுக்கு நாள்காட்டியில் குறித்து வைத்துப் பதிவு செய்யுங்கள்.

எந்த மாசம் போகலாம்?

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. மழை விட்டு ஏரி நிரம்பியிருக்கும், பாறை சுடாது. ஏப்ரல், மே மாதங்களில் குன்றுகள் காலை ஒன்பது மணிக்கே கால் வைக்க முடியாதபடி கொதிக்கும். அந்த மாதங்களில் பூண்டி அகழ்வைப்பகம் (தொல்லியல் அருங்காட்சியகம்) மாதிரியான இடங்களுக்குப் போகலாம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்ததிலிருந்து தொடங்கும் கதையை அங்கே கற்கருவிகளைப் பார்த்தபடியே தெரிந்துகொள்ளலாம்.

போன இடத்துல பூட்டு தொங்குச்சுன்னா?

அடிக்கடி நடக்கும். ஒரு கால பூஜைக் கோயில் என்றால் சாவி குருக்கள் வீட்டில் இருக்கும். பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டால் வீட்டைக் காட்டிவிடுவார்கள். காலை பத்து மணிக்குள் போனால் அவரே கோயிலில் இருக்க வாய்ப்பு அதிகம். திறந்து காட்டினால் தட்டில் ஏதாவது போடுங்கள். தொல்லியல் துறைச் சின்னம் என்றால் காவலர் பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்று அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

வயசான அம்மாவையும் சின்னக் குழந்தையையும் கூட்டிட்டுப் போகலாமா?

இடத்தைப் பொறுத்தது. மண்டகப்பட்டு, உத்திரமேரூர், கொடும்பாளூர் ஆகியவை தரைமட்டத்தில் இருப்பவை. உத்திரமேரூரில் ஊர்ச் சபை உறுப்பினர்களைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும் பராந்தகன் காலக் கல்வெட்டு, ஊர் நடுவிலேயே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் படித்ததை நேரில் பார்க்கும் சந்தோஷம். நார்த்தாமலையும் திருநாதர் குன்றும் முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சரிப்படாது.

பெரிய சிக்கல் கழிப்பறை. இந்த இடங்களில் பெரும்பாலும் இருக்காது. கடைசிப் பெரிய ஊரிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துப் போங்கள், குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பொண்ணு தனியா போகலாமா?

நான் போகிறேன். சில பழக்கங்களை விடாமல் வைத்திருக்கிறேன். காலையில் சீக்கிரம் போய், நாலு மணிக்குள் முக்கியச் சாலைக்கு வந்துவிடுவேன். ஊருக்குள் நுழைந்ததும் நூறு நாள் வேலையிலோ கடையிலோ இருக்கும் பெண்களிடம் வழி கேட்பேன். "ஏம்மா தனியாவா வந்தே?" என்று கேட்பார்கள், பல சமயம் ஒரு பாட்டி கூடவே வந்துவிடுவார். ஆள் நடமாட்டமே இல்லாத குன்று என்றால் ஏறாமல் திரும்பி வருவேன், அடுத்த முறை துணையோடு வருவேன். போனில் காவல் உதவி செயலியும், வீட்டில் ஒருவரிடம் போகும் இடத்தின் பெயரும் இருக்க வேண்டும்.

கோயில், கல்வெட்டு போதும். காடு, அருவி இதுக்கெல்லாம் எப்படிப் போறது?

அனுமதியோடு மட்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். வார இறுதிக்கு மலையேறப் போன, நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள் அவர்களில் பலர். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவில் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, உள்ளூர் வழிகாட்டியோடு அனுப்புகிறார்கள். அதில் எளிதான பாதையிலிருந்து தொடங்குங்கள். "எனக்குத் தெரிந்த குறுக்கு வழி" என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

நல்ல இடம் பார்த்துட்டு வந்தா ரீல் போடலாமா? லொகேஷன் சேர்க்கலாமா?

கேள்விகளிலேயே இதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. காவலரும் வேலியும் உள்ள இடம் என்றால் தாராளமாகப் போடுங்கள். ஆள் வந்தால்தான் அதற்குப் பராமரிப்பும் வரும். காவல் இல்லாத சமணர் படுக்கை, பாறை ஓவியம், பறவைக்கூடு ஆகியவற்றுக்கு இடக்குறி சேர்க்க வேண்டாம். வட்டாரப் பெயர் போதும். சாக்பீஸ், பெயின்ட், சாராய பாட்டில் என ஒரு வருடத்தில் குன்று எப்படிக் கெட்டுப்போகும் என்பதைப் பல ஊர்களில் பார்த்துவிட்டேன். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் காவலரே இல்லாத பாறையில் சட்டம் என்ன செய்யும்?

பட்டியல்ல இல்லாத சிலையோ கல்வெட்டோ கண்ணுல பட்டா என்ன செய்யணும்?

தொடாதீர்கள். எழுத்து தெரியவில்லை என்று தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது, மாவு பூசுவது, சாக்பீஸால் எழுத்தின் மேல் வரைவது எதுவும் வேண்டாம். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ படம் எடுத்தால் எழுத்து தானாகவே தெளியும். ஒரு படத்தில் அளவு தெரிய பக்கத்தில் பேனா ஒன்றை வையுங்கள். இன்னொரு படத்தில் சுற்றுப்புறம் தெரியட்டும். ஊர்ப்பெயர், தாலுகா, அதை ஊரார் என்ன பெயரில் கும்பிடுகிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு மாவட்ட அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ அனுப்புங்கள். நிலத்திலிருந்து காசோ சிலையோ கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் வழியாகப் போகலாம். பதில் வரத் தாமதமானால் மறுபடி எழுதுங்கள். அதுவரை இடத்தை எங்கும் பகிர வேண்டாம்.